ஒண்ணு இறங்கு, இல்ல தள்ளு

அம்மா, என் தலையில் அடித்துச் சொல்கிறேன். இதில் ஒரு வரிகூட நான் கட்டிவிட்டது இல்லை. சந்தேகம் இருந்தால் அண்ணனைக் கேள். போனில் அவனும் இருந்தான். பேய் என்று யாராவது வாயைத் திறந்தாலே விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள். அன்றிலிருந்து, நான் காருக்குள் இருக்கிறேன் என்று தெரிந்தால் போனை வைத்துவிடுகிறான்.

'அந்த டப்பா வண்டியை விற்றுத் தொலை' என்று வீட்டில் எல்லோரும் மாறி மாறிச் சொல்கிறீர்கள். அதற்குப் பதில் கடைசியில்.

கார் என்னைவிட இரண்டு வயது பெரியது. நான்கு மாதத்துக்கு முன்னால், வேறு ஊருக்குக் குடிபோகிற ஒரு பெரியவரிடம் வாங்கினேன். சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "பின் சீட்டுல இடது பக்கம் எதையும் வைக்காதேம்மா. ஸ்பிரிங் போயிடுச்சு." சரி என்று தலையாட்டினேன். அதன்பிறகு போன வாரம்வரை ஒரு நாள்கூட கார் மக்கர் பண்ணியதில்லை.

போன வியாழக்கிழமை எனக்கு எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்கே தெரியும். ஆறு மாதத் தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. காலை ஏழு மணிக்குள் போய் நின்றால் நிரந்தரம். ஏற்கெனவே இரண்டு தடவை தாமதம். மூன்றாவது தடவை என்றால் வேலை போகும். வேலை போனால் இந்த நாட்டில் தங்குகிற அனுமதியும் போகும். எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கடிகாரம்'. ஏழு மணி ஒரு நிமிடத்துக்கு வாசல் கதவைச் சாத்திவிடுவார்.

5:38. தரைக்குக் கீழே இருக்கிற பார்க்கிங்கில் இறங்கினேன். அங்கே விளக்கு தானாக எரியும், ஆள் அசைந்தால் மட்டும். நாற்பது வினாடி யாரும் அசையாவிட்டால் அணைந்துவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருகினேன்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. 5:46. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அண்ணனுக்குப் போன் போட்டேன். ஊரில் அவன் மெக்கானிக்தானே.

"கிர்ர்னு சுத்துதா? இல்ல டக்குனு ஒரு சத்தம் வந்து நின்னுடுதா?"

"நல்லா சுத்துது. பிடிக்க மாட்டேங்குது."

"அப்போ பேட்டரி, ஸ்டார்ட்டர் ரெண்டும் நல்லா இருக்கு. பெட்ரோல் போட்டியா, மகாராணி?"

"நேத்துதான் போட்டேன். கிண்டல் பண்ணாத, அழுதுடுவேன்."

"சரி சரி. நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடல. நடுவுல என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறல."

பொய் இல்லை. மறந்துபோயிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் அறைத்தோழியின் இரண்டு கனமான பெட்டிகளைப் பின் சீட்டில் ஏற்றியிருந்தோம். இடது பக்கம்.

"பெட்ரோல் பம்ப் பின் சீட்டுக்கு அடியில இருக்கும். சாவியை ஆன்ல வச்சா ரெண்டு செகண்டு ஊங்குனு முனகிட்டு நிக்கும். அது கேக்குதான்னு பாக்கணும். ஒருத்தர் சாவி, ஒருத்தர் காது. ரெண்டு பேர் வேலை இது."

"நான் ஒருத்திதானே இருக்கேன்?"

"போனைப் பின் சீட்டுல போடு. நான்தான் காது."

ஸ்பீக்கரில் வைத்து, பெட்டிகளுக்குப் பக்கத்தில் போட்டேன். முன்னால் வந்து சாவியைத் திருப்பினேன். 5:55.

"வருது... நல்லாவே வருது. பம்ப் வேலை செய்யுது. சரி, ஆஃப் பண்ணு."

பண்ணினேன்.

"ஆஃப் பண்ணுடி."

"பண்ணிட்டேன்."

"இன்னும் சத்தம் வருதே."

சாவியை உருவிக் கையில் எடுத்தேன். "அண்ணா, சாவி என் கையில இருக்கு."

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"பின்னாடி யாரு?"

"யாரும் இல்ல."

"மூச்சு வாங்குற சத்தம் கேக்குது. போனுக்குப் பக்கத்துலயே. நீ முதல்ல வண்டிய விட்டு இற..."

லைன் அறுந்தது.

இறங்கினேன். ஓடுவதற்குத்தான் இறங்கினேன். மணி 6:02.

ஓடி எங்கே போவது? ஏழு மணிக்குக் கதவைச் சாத்துவார்கள். அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பெரியவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பின் கதவைத் திறந்தேன். பெட்டிகளை இழுத்து டிக்கியில் போட்டேன். அவை இருந்த இடத்தில் காதை வைத்தேன்.

சீட் சூடாக இருந்தது. பெட்டிகளுக்கு அடியில்... யாரோ இரவெல்லாம் உட்கார்ந்திருந்த மாதிரி.

ஊங்ங்ங்...

நான் அசையவில்லை. மனதுக்குள் எண்ணினேன். முப்பது. நாற்பது. அறுபது. தொண்ணூறு.

விளக்கு அணையவில்லை.

நான் அசையவே இல்லை, அம்மா.

வேறு எதுவோ அசைந்துகொண்டிருந்தது.

பயத்துக்கு மேலே ஏறிக்கொண்டு கோபம் வந்தது. ஆறு மாதம். விடியாத நேரத்தில் எழுந்து எழுந்து... கடைசி நாளில் ஒரு முனகலுக்காக விட்டுவிடுவேனா? சீட்டில் ஓங்கி ஓர் அடி வைத்தேன்.

"இங்க பாரு! நீ யாரா வேணா இரு. ஏழு மணிக்கு நான் அங்க நிக்கணும். ஒண்ணு இறங்கு. இல்ல, தள்ளு!"

சத்தம் நின்றது.

கிரீச்...

யாரோ நகர்ந்து, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

முன்னால் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. சாவி.

ஒரே திருகல். பிடித்துக்கொண்டது.

மணி 6:13.

6:56க்கு வாசலில் நின்றேன். கடிகாரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன, காத்து இந்தப் பக்கம் சீக்கிரமா அடிக்குது?" என்றார். கையெழுத்துப் போட்டேன். வேலை நிரந்தரம்.

ஞாயிறு பதினொரு மணி. நல்ல வெயில். தெருமுனை மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோய், வியாழன் காலையில் முரண்டு பிடித்தது என்று மட்டும் சொன்னேன். அவர் பின் சீட்டைத் தூக்கினார். அடியில் ஒரு தகர மூடி. திருகெல்லாம் துருவேறிக் கிடந்தது. "இதைத் திறந்து பல வருஷம் ஆயிருக்கும்" என்று முனகிக்கொண்டே நெம்பினார். டார்ச் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இதை எங்கேருந்து தள்ளிக்கிட்டு வந்தே?"

"ஓட்டிக்கிட்டு வந்தேன்."

"விளையாடாத. உள்ள பம்பே இல்ல. வெறும் ஓட்டை. இப்படி இருந்தா வண்டி ஒரு அடி நகராது."

"நாலு மாசமா ஓட்டுறேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "புதுசு ஒண்ணு போடட்டுமா?"



"வேண்டாம். மூடிடுங்க."

மூடினார். சீட்டைப் போட்டார். அவர் கையை அதிலிருந்து எடுப்பதற்குள் நான் சாவியைத் திருப்பினேன். ஊங்ங்... சூடு பட்டதுபோல் கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். முதல் திருகலில் கார் பிடித்துக்கொண்டது. "இனிமே இதை இங்க கொண்டு வராதே" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது.

அதனால் அம்மா, விற்கச் சொல்லாதே. விற்க மாட்டேன். இந்த ஊரில் என்னை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இது ஒன்றுதான் இருக்கிறது. இடது பக்கம் நான் ஒரு குடையைக்கூட வைப்பதில்லை. அதுவும் முரண்டு பிடிப்பதில்லை. கணக்கு சரி.

ஒன்று மட்டும்.

இப்போதும் தினம் 5:38க்குத்தான் பார்க்கிங்கில் இறங்குகிறேன். முழு இடமும் இருட்டாகக் கிடக்கும்.

என் காருக்கு மேலே இருக்கிற விளக்கு மட்டும்... நான் போவதற்கு முன்பே எரிந்துகொண்டிருக்கும்.