பந்தியில் மாத்திரை

இலையில் உப்பு வைக்கும் இடத்தில் மாத்திரையை வைத்துக்கொண்டே பஞ்சநதம் நகர்கிறார். இடது கையில் எவர்சில்வர் தட்டு. அதில் மாத்திரைகள், ஆட்கள் உட்காரும் வரிசையிலேயே சின்னச் சின்னக் குவியலாக இருக்கின்றன. முகங்களை அவர் பார்ப்பதில்லை. "பேரெல்லாம் எதுக்குங்க? எடம் தெரிஞ்சாப் போதும். எத்தனை கல்யாணத்துல பரிமாறின கை இது" என்பார்.

பாபநாசம் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூர், குவைத் என்று கிளம்பி, வீட்டுக்கு வீடு வயதானவர்கள் மிஞ்சியபோது, தம் கல்யாண மண்டபத்தை முதியோர் இல்லமாக்கினார். மாற்றியது பெயர்ப்பலகையை மட்டும். மணப்பெண் அறையில் மருந்து அலமாரி நிற்கிறது. மாப்பிள்ளை நாற்காலியில் அவரே உட்கார்ந்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வீடியோவில் அழைப்பு வந்தால் குரலில் பன்னீர் தெளிப்பார்: "அம்மா ராணியாட்டம் இருக்காங்க தம்பி."

போன சித்திரையில், மின்விசிறிக்கு நேரே உட்கார வேண்டுமென்று காத்தாயி ஆசைப்பட்டார். பக்கத்திலிருந்த ரசியா பேகம் இடம் மாறிக் கொடுத்தார். தட்டு வழக்கம்போல் நகர்ந்தது. ரசியா பேகத்தின் சர்க்கரை மாத்திரை, அந்த வியாதியே இல்லாத காத்தாயியின் வயிற்றுக்குள் போயிற்று.

"தம்பி, எனக்கு வெள்ளையால்ல வரும்? இது மஞ்சளா இருக்கே" என்றார் ரசியா பேகம்.

"கம்பெனிக்காரன் கலரை மாத்திட்டாம்மா. முழுங்குங்க."

அவர் விழுங்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார்.

வெயில் தாழும் முன் காத்தாயி வியர்த்துப்போய், நாக்குக் குழறிச் சாய்ந்தார். டாக்டர் செம்மொழி ஸ்கூட்டரில் வந்தார். விரலில் குத்திப் பார்த்தார். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே கேட்டார்: "சுகர் ரொம்ப எறங்கியிருக்கு. சுகர் மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா? மறைக்காதீங்க. அதா இருந்தா மறுபடி எறங்கும். இங்கேயே விட்டுட்டுப் போனா உயிரு தங்காது."

"ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இங்க ஒரு தப்பு நடந்ததில்லீங்க. வெயிலு, வேறென்ன" என்றார் பஞ்சநதம். யாரும் வெளியே சொல்லாத தப்பு, நடக்காத தப்பு. அவருடைய நிர்வாகம் முழுவதும் அவ்வளவுதான்.

ரசியா பேகம் முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் மாத்திரையை டாக்டரின் உள்ளங்கையில் வைத்தார். "இது அக்காவோடது. என்னோடது அவங்க வயித்துல கெடக்கு."

டாக்டர் உடனே ஆம்புலன்ஸை வரவழைத்தார். காத்தாயியைத் தஞ்சாவூருக்கு ஏற்றி அனுப்பினார். அங்கே மறுபடியும் சர்க்கரை இறங்கியது. பக்கத்தில் ஆள் இருந்ததால் பிழைத்தார்.

பஞ்சநதமும் சும்மா இருந்துவிடவில்லை. பந்திக்கு மேலே சுற்றிய மின்விசிறியைக் கழற்றி உள்ளே வைத்தார். "இனிமே யாரு எடம் மாறுவா, பாக்கலாம்." ரசியா பேகத்தைப் பற்றிக் கேட்டால், "அந்தம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்கிறார்.

காத்தாயி திரும்பி வந்த அன்று, அவர் மகன் அன்பரசன் சிங்கப்பூரிலிருந்து அழைத்தான். "வெயிலுதான் தம்பி. விட்டுருவேனா? உடனே தஞ்சாவூருக்குக் கொண்டுபோவச் சொல்லிட்டேன்ல."

அலைபேசியை வைத்ததும் பஞ்சநதத்துக்குத் தம்முடைய பிரஷர் மாத்திரை நினைவு வந்தது. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். கண்ணாடியை மாட்டி, பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். மறுபடி பெயரைப் படித்தார். அதன் பிறகுதான் வாயில் போட்டுக்கொண்டார்.