சுளகில் மிஞ்சிய ஈயம்

சுந்தரேஸ்வரியின் வீட்டில் தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததைக் கேள்விப்பட்ட சனம் அவளை ஊத்தை பிடித்தவள் என்று கதை கட்டிவிட்டது; அந்த வாய்களைத் தைத்தால் என்ன என்று இருக்கிறது. ஜெர்மனியில், பான் நகரின் ஓரத்தில், மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. மாடிப்படி கழுவும் முறை அவளுக்கு வருகிற வாரத்தில், எதற்கும் குறை சொல்லும் கீழ்வீட்டு ஜெர்மன்காரிகூட வாயைத் திறக்க மாட்டாள்.

இரண்டாயிரத்து மூன்றில், பக்கத்து ஊரின் துப்பாக்கி சுடும் சங்க மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அங்கே வருகிறவர்களில் ஒருவர் லோமார்; ஜெர்மன் மரியாதைப்படி எல்லோருக்கும் ஹெர் லோமார். எழுபது வயது, மனைவியை இழந்தவர். பழங்காலத் துவக்குதான் சுடுவார், அதற்கான குண்டுகளையும் தன் வீட்டு நிலவறையில் தானே வார்ப்பார். கடைக் குண்டு அவருக்கு ஆகாது. ஈயத்துக்கு டயர்க் கடைகளை நம்பியிருந்தார்; சக்கரம் ஆடாமல் சுழல அதன் விளிம்பில் பொருத்திப் பிறகு கழற்றிய ஈய நிறைகள் வாளி வாளியாகக் கிடைத்தன. பிறகு அவற்றோடு துத்தநாக நிறைகளும் கலந்து வரத் தொடங்கின. அதில் ஒன்று தவறி உருகிவிட்டாலும் சட்டி முழுவதும் பாழ், அச்சில் குண்டு சரியாக நிரம்பாது. ஆகவே மனிதர் குறிப்பலகைகளுக்குப் பின்னால் இருந்த மணல்மேட்டில் கைவைத்தார். நாற்பது வருடம் சுட்ட ஈயம் அதற்குள் கிடந்தது.

தோட்டத்துச் சல்லடையால் அவர் சலித்த சலிப்பை விளக்குமாறும் கையுமாக நின்று பார்த்தாள் சுந்தரேஸ்வரி. பாதிக்குப் பாதி கல். அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பனையோலைச் சுளகைக் கொண்டுபோனாள். அரிசி புடைப்பதுபோல நாலு தரம் புடைத்து, ஓரமாகக் கொழித்தாள். மணல் பறந்தது, கல் விலகியது, ஈயம் மட்டும் சுளகில் நின்றது. ஹெர் லோமார் கைதட்டினார். ஜெர்மனிக்கு வந்த ஒன்பது வருடத்தில் அவளுடைய கைவேலைக்கு ஒருவர் கைதட்டியது அதுதான் முதல் தடவை. உச்சி குளிர்ந்துபோனாள்.

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் மணல் வாளி வீட்டுக்கே வந்தது. பல்கனியில் புடைத்தால் கீழ்வீட்டுக்காரியின் துணிகளில் தூசி விழும், பிறகு யார் அவளோடு மல்லுக்கட்டுவது? கதவைச் சாத்திவிட்டு, சமைக்கிற குசினித் தரையில் பேப்பர் விரித்துப் புடைத்தாள். ஒன்றரை வயது மிதுசா எதிரே குந்தியிருந்து, ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தூக்கி அம்மா செய்கிற மாதிரியே செய்வாள். "கையை நன்றாகக் கழுவு" என்று லோமார் சொல்லியிருந்தார். சுந்தரேஸ்வரி மூன்று தரம் கழுவினாள். கைம்மாறாக அவர் ஒரு சொல் சொல்ல, தேவாலயத்துக் கிண்டர்கார்டனில் மிதுசாவுக்கு இடம் கிடைத்தது.

இரண்டு வயதில் அந்தப் பிள்ளை வாய் ஓயாமல் கதைத்தது. நிலா, சோறு, அப்பா வாறார், பூனை விழுந்திட்டுது. மூன்று வயதுக்குள் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். முகம் வெளிறிப்போயிற்று. இரண்டு மொழி கேட்டுப் பிள்ளை குழம்புகிறது, வீட்டில் ஜெர்மன் மட்டும் பேசுங்கள் என்று கிண்டர்கார்டன் ஆசிரியை சொன்னாள்.

சொன்னபடியே செய்தார்கள். பார்சல் கிடங்கில் வேலை செய்யும் கணவன் மகேந்திரராஜா, தனக்குத் தெரிந்த நாற்பது ஜெர்மன் சொற்களால் பிள்ளையைக் கொஞ்சப் பார்த்தான். சுந்தரேஸ்வரி தாலாட்டை நிறுத்தினாள். ஒரு வருடம் அந்த வீட்டில் பிள்ளையோடு யாரும் மனம்விட்டுப் பேசவில்லை.

வயிற்று வலியும் வெளிறலும் மாறாததால் பிள்ளையைக் குழந்தை வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். அங்கே தொழில் பழகிக்கொண்டிருந்த அன்ரனிற்றா தமிழ்ப் பெண். இரண்டாம் தரம் இரத்தம் எடுத்த பிறகு அவள்தான் கேட்டாள்.

"அக்கா, வீட்டிலை ஈயம் ஏதும் இருக்கோ? பழைய தண்ணிக்குழாய், பெயின்ற், அப்பிடி?"

"ஈயமோ? ஓம், சனிக்கிழமையிலை நான் புடைக்கிறனான்."

அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அன்ரனிற்றாவின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் பதறினாள்.

"நான் கை கழுவிப்போட்டுத்தான் பிள்ளையைத் தொடுறனான். மூண்டு தரம், சவுக்காரம் போட்டு."

"கையிலை மட்டுமில்லை அக்கா, தூசியிலை. பிள்ளை அதை மூச்சிலை எடுத்திருக்கு. தரையைத் தொட்ட விரலை வாய்க்குள்ளை வைச்சிருக்கு."

ஆஸ்பத்திரியில் வாரக்கணக்காக மருந்து கொடுத்தார்கள். இரத்தத்தில் ஈயத்தின் அளவு குறைந்தது. "இனிக் கதைப்பாள்தானே?" என்று சுந்தரேஸ்வரி கேட்டாள். வைத்தியர் நீளமாகப் பேசினார். அன்ரனிற்றா சுருக்கமாகச் சொன்னாள்.

"இரத்தத்திலை இருக்கிறது போகுமாம். மூளைக்குச் செய்தது செய்ததுதானாம். கொஞ்சம் தேறலாம், எவ்வளவெண்டு சொல்ல ஏலாதாம்."

"நாங்கள் தமிழிலை கதைச்சதாலை இல்லையே?"

"இல்லை அக்கா. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

இந்தப் பதிலில்தான் அவள் உடைந்துபோனாள். இருந்த கொஞ்சச் சொற்களுக்கும் தண்ணீர் ஊற்றாமல் ஒரு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள், ஒன்றுக்கும் உதவாமல்.

ஹெர் லோமார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்பது வருடம் நிலவறையில் உருக்குகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லி அழுதார். சுந்தரேஸ்வரி அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்காத துக்கம் எவ்வளவு கொடியது! சுகாதார அதிகாரிகள் வந்து சுளகைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போனார்கள். குசினித் தரையையே பெயர்த்தார்கள்.

புதுத் தரை போட்ட அன்று அவள் மிதுசாவை எதிரே இருத்தி, ஒரு தட்டில் ஒரு பிடி அரிசி போட்டாள். தமிழிலேயே பேசினாள்.

"குஞ்சு, இது அரிசி. சொல்லுங்கோ, அரிசி."

மிதுசா தட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். தூசி கண்ணில் படாமல் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாள், அச்சு அசலாக அம்மாவைப் போல. நாலு தரம் புடைத்தாள். பிறகு ஓரமாகக் கொழித்தாள். ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை.

"அரிசி," என்றாள் சுந்தரேஸ்வரி மறுபடியும்.

பிள்ளை நிமிர்ந்து பார்க்காமல் புடைத்துக்கொண்டே இருந்தது.