தொலைநோக்கியில் ஒட்டிக்கொண்ட பெயர்

1980 பிப்ரவரி. போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் டீச்சராக இருந்தேன். சனிக்கிழமை மதியம் சூரிய கிரகணம். அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு தொலைநோக்கி வேண்டுமென்று, இரண்டு மாதம் முன்பே பஜாரில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் போய் நின்றேன். ஊருக்கே அவர் அண்ணாச்சி. "இதுல பாத்தா என்ன தெரியும் டீச்சர்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். சொன்னேன். மெட்ராஸிலிருந்து வரவழைத்துக் கொடுத்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் தலைமை ஆசிரியருக்கு மனசு கேட்கவில்லை. தொலைநோக்கியில் அண்ணாச்சி பெயரைப் போட, கோயில் டியூப்லைட்டுகளில் உபயம் எழுதும் பெயின்டரைக் கூட்டி வந்தார். அந்த ஆள் எழுதிய டியூப்லைட் எரிகிறதா இல்லையா என்று கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு விலாவாரியாக எழுதுவார். இதில் என் பங்கும் உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

சனிக்கிழமை கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. கிரகண நேரத்தில் வெளியே விடமாட்டோம் என்ற வீடுகளில் சண்டை போட்டுவிட்டுத்தான் என் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்திருந்தார்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி வைத்தால் பின்னால் பிடித்திருக்கும் வெள்ளை அட்டையில் அதன் உருவம் விழும். வைத்தேன். அப்பம் மாதிரி ஒரு மங்கல் வட்டம் விழுந்தது. தெளிவாக்க, பெரிய குழாய்க்குள் இருக்கும் சின்னக் குழாயை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். இழுத்தேன், தள்ளினேன். அசையவே இல்லை.

குனிந்து பார்த்தால், 'உபயம்' பெரிய குழாயில் இருக்கிறது. பட்டம், இனிஷியலோடு அண்ணாச்சியின் பெயருக்கு இடம் போதாமல், அந்தப் பெயின்டர் மகராசன் சின்னக் குழாய் மேலேயும் எழுதிக்கொண்டே போயிருக்கிறார். இரண்டு கோட்டிங் வேறு. பெயின்ட் காய்ந்து இரண்டு குழாயும் ஒன்றாகிவிட்டன.

பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். தலைமை ஆசிரியர் ஓடி வந்தார்.

"முறுக்காதீக டீச்சர், பேரு பேந்துரும்! அண்ணாச்சி வர்ற நேரம், எம் மூஞ்சிய எங்கன கொண்டுபோய் வைக்கிறது?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வானத்தில் சூரியன் தேய்ந்துகொண்டிருக்கிறது, இவருக்குப் பெயர்தான் கவலை. முன்வரிசையில் இருந்த ஒரு எட்டாம் வகுப்புப் பெண், "டீச்சர், இன்னைக்கு விட்டா இனி எப்பப் பாக்குறது?" என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்தார். வீட்டார் தடுத்தும் கேட்காமல் வந்தாராம். "என்ன டீச்சர், தெரியுதா?"

"எங்க தெரியுது? உங்க பேருதான் அடைச்சுக்கிட்டு நிக்குது" என்று வெடித்துவிட்டேன்.

அவர் குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "எம் பேரை எழுதச் சொல்லி நான் யார்ட்ட கேட்டேன்?"

தலைமை ஆசிரியர் என் பக்கம் கை நீட்டினார். "டீச்சர்தான் பெருசா எழுதச் சொன்னாக."

உண்மை. அடுத்த வருஷம் ஒரு மைக்ராஸ்கோப் கேட்க வேண்டும். பெயர் பளிச்சென்று இருந்தால் மனிதர் மனசு இளகும் என்று கணக்குப் போட்டவள் நான்தான். அதுவரை ஊரையே திட்டிக்கொண்டிருந்த நான் குழாயிலிருந்து கையை எடுத்தேன்.

அண்ணாச்சி சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார். ஆய்வுக்கூட ஸ்டவ்வில் இருந்த மண்ணெண்ணெயைக் கொண்டுவரச் சொல்லி, தோளில் கிடந்த துண்டின் நுனியை நனைத்து, தன் பெயரைத் தானே தேய்த்து அழித்தார். கடைசி எழுத்தும் போனபிறகு சின்னக் குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

அட்டையில் சூரியன் வந்தது. ஒரு பக்கம் கடித்துத் தின்றது போலக் குறைந்து, மீதியில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளோடு.

அண்ணாச்சி பதறிவிட்டார். "மண்ணெண்ணெய் தெறிச்சிருச்சா? கெடுத்துட்டேனா?"

"சின்னக் குழாய்க் கண்ணாடியத் திருகிப் பாருங்க டீச்சர்," என்றாள் அந்த எட்டாம் வகுப்புப் பெண். "அழுக்குன்னா கூடவே சுத்தும்ல?"

திருகினேன். புள்ளிகள் நகரவில்லை. அவை சூரியனிலேயே இருந்தன. சூரியப் புள்ளி என்று வருஷா வருஷம் பாடம் நடத்தியவள் நான். கண்ணெதிரே வந்தபோது அதைக் கண்டுபிடித்தவள் அவள்.

"ஏலே, கொஞ்சம் வழி விடுங்கப்பா, நானும் பாக்குறேன்" என்று வெள்ளை வேட்டியோடு மண்ணில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார் அண்ணாச்சி. கிரகணம் விடும்வரை எழுந்திருக்கவில்லை.

நான் மாற்றலாகிப் போகும்வரை அந்தப் பெரிய குழாயில் 'உபயம்' மட்டும் இருந்தது. யாருடையது என்று புதுப் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். மைக்ராஸ்கோப்பும் அவரே கொடுத்தார். இன்றும் எதையாவது கேட்டு யார் வாசலிலாவது நிற்கும்போது, கொடுப்பவருக்குக் கைம்மாறாக என்ன வேண்டியிருக்கும் என்று நானாக எதையும் நினைத்துக்கொள்வதில்லை. ஒருவேளை, அண்ணாச்சியைப் போல அவருக்கும் அந்தச் சூரியனைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் ஆசையாக இருக்கலாம்.