போறணையிலிருந்து மைதானத்துக்கு

நான் வசிக்கும் நோர்வே நகரத்தில் குளிர்காலக் காற்று பார்வைக்குச் சுத்தமானது. மாலையில் ஓடப் போனால்தான் விஷயம் தெரியும். வேலை முடிந்து வரும் சனங்கள் விறகடுப்பை மூட்டுவார்கள். காற்று அசையாத நாளில் புகை தெருவிலேயே படுத்துக் கிடக்கும். போன தை மாதம் அப்படி ஓடும்போது நெஞ்சு இறுகி, ஒரு வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் "உங்கள் புகை" என்றேன். அந்த மொழியில் புகைக்கும் சிகரெட்டுக்கும் ஒரே சொல். "நான் விட்டுப் பல வருஷமாகிறது" என்று வருத்தம் தெரிவித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். ஓடும்போது பல மடங்கு காற்றை வாயால் இழுக்கிறோம். மூக்கு தடுக்கக்கூடிய தூசும் உள்ளே போகிறது. விறகுப் புகையின் மிக நுண்ணிய துகள் நுரையீரலின் அடிவரை இறங்கும். இரத்தக் குழாய்கள் இறுகும், ஏற்கெனவே வேகமாக அடிக்கும் இதயம் இன்னும் பாடுபடும். அவர் என்னைப் பற்றித்தான் சொன்னார். எனக்கோ தம்பி ஜீவனின் முகம்தான் வந்தது. அவன் திருகோணமலையில், பாலையூற்றில் இருக்கிறான். காலையில் பேக்கரியில் பாண் சுடும் போறணைக்கு விறகு தள்ளுவான். பின்னேரம் உதைபந்தாட்ட நடுவராக மைதானம் முழுக்க ஓடுவான். மைதானத்துக்குப் பின்னால் யாராவது குப்பையும் கொப்பும் எரித்துக்கொண்டிருப்பார்கள். போன வருஷம் நான் போயிருந்தபோது, இடைவேளையில் குனிந்து முழங்காலைப் பிடித்தபடி நின்றான். வயதாகிறது என்று நான்தான் பகிடி பண்ணினேன்.

அன்றே அழைத்தேன்.

"ஓடேக்க நெஞ்சு இறுக்குதா?"

"கொஞ்சம். அது போறணை வெக்கை அக்கா."

"எவ்வளவு நாளா?"

"கன நாள். நிண்டால் சரியாயிடும்."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறியா?"

"சனிக்கிழமை மட்ச் இருக்கு. நான் வராட்டி விசில் ஊத ஆளில்லை."

"உனக்கு ஏதும் நடந்தால் நான் வந்து சேர ரெண்டு நாளாகும், ஜீவன்."

"ஓம், போறன்" என்றான்.

போனான். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று சுருங்கியிருந்தது. எவ்வளவு காலப் புகை அதில் என்று யாராலும் சொல்ல ஏலாது. ஆனால் புகைக்குள் இனி ஓடக்கூடாது என்பதில் அங்குள்ள வைத்தியருக்குச் சந்தேகமில்லை. சுருங்கிய இடத்தை விரித்துவைக்க உள்ளே ஒரு சின்ன வலைக்குழாய் வைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். பேக்கரி முதலாளி அவனை விற்பனைப் பக்கம் மாற்றினார். நடுவர் வேலையை மட்டும் அவன் விடவில்லை. வைத்தியர் அனுமதித்த பிறகு, கடற்கரையோரம் மெல்ல ஓடிப் பழகுகிறான்.

அங்கே பின்னேரம், இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் பின்வாசலில் நிற்கிறேன். அழைப்பைத் துண்டிக்காமல் போனைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜீவன் ஓடுகிறான். கடற்காற்றின் இரைச்சலும் அவனுடைய மூச்சும் காதில் விழுகின்றன. அவன் இழுக்கும்போது நானும் இழுக்கிறேன். அங்கத்தைய காற்று என்றுதான் நெஞ்சு நினைக்கிறது. உள்ளே போவது பனி.