பாழுங்கிணற்றில் ஏறியவள்

1993 சித்திரை மாதம், காலை முதல் நடை. சீவலப்பேரியிலிருந்து திருநெல்வேலி போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஞானசம்பந்தன் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது, கடைசி சீட்டில் இருந்தவர் சாவகாசமாக ஒரு சேதி சொன்னார்.

"ஏ சம்பந்தம், ஒன் வீட்டுக்காரி உங்க பாழுங்கிணத்துப் பக்கம் தனியாப் போறாளேவே. எதும் சண்டையா?"

கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பெண் விடியற்காலையில் தண்ணீர் இல்லாத கிணற்றுக்குத் தனியாகப் போனால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். படிக்கட்டில் ஒரு ஆள் தொற்றிக்கொண்டிருந்தாலே விசில் கொடுக்கப் பயந்து வண்டியை நிறுத்தி வைத்திருக்கிற மனுஷன் சம்பந்தன். அவன் ஏறிய பஸ் என்றைக்கும் நேரத்துக்கு ஜங்ஷன் போய்ச் சேர்ந்ததில்லை. அப்பேர்ப்பட்டவன் அன்றைக்கு ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் காசுப் பையோடு வரப்பில் ஓடினான். எதிரே வந்தவர்களும் என்ன ஏது என்று கேட்காமலே கூட ஓடினார்கள். இந்த விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்தக் கிணற்றை வெட்டியது அவனுடைய அப்பா. கால்வாய்த் தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்தில், ஊற்று வரும் வரும் என்று பாறையைக் குடைந்துகொண்டே போய், கடைசிவரை வராமல் கைவிட்டது. ஏழு ஆள் ஆழம் இருக்கும். சம்பந்தன் விளிம்பில் மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு வேறு வழியில்லாமல் திறந்தான்.

அவன் பெண்டாட்டி ஆவுடைத்தாய் கீழே கிடக்கவில்லை. சுவரில் இருந்தாள். சுடிதாரை முழங்காலுக்குச் சுருட்டியிருந்தாள். பாறை வெடிப்பில் ஒரு கையின் நான்கு விரல், மிளகளவு புடைப்பில் ஒரு கால் கட்டைவிரல், மற்ற கையும் காலும் அந்தரத்தில். கூப்பிட வாயெடுத்தவன், கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளே என்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். கூட வந்தவர்களும் அப்படியே பொத்திக்கொண்டார்கள். அவள் பைய ஏறி வந்து விளிம்பில் கையூன்றி எழுந்தாள். வரிசையாக நிற்கிற சனத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தாள். சம்பந்தன் உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி எடுத்தான்.

அவள் அவனுக்குத் தாய்மாமன் மகள். பாளையங்கோட்டையில் கல்லூரி படித்தபோது என்.சி.சி.யில் வடக்கே இமயமலைப் பக்கம் பாறை ஏறுகிற ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். ஏதோ பரேடு என்றுதான் சொந்தபந்தம் நினைத்தது. போனவளைப் பாறை பிடித்துக்கொண்டது. இப்போது பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். செயற்கையாகக் கட்டிய சுவரில் ஏறுகிற போட்டி அந்த வருஷக் கடைசியில் பெங்களூரில் நடக்க இருந்தது. அதில் ஏற வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். நம் பக்கத்திலிருந்து ஒரு பெண் அப்படிப் போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. நல்ல கயிறும் இரண்டு இடுப்புக் கச்சையும் அவளிடம் இருந்தன. கயிற்றைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. அதற்காக ஏறாமல் இருக்க முடியுமா என்று கேட்டாள்.

சம்பந்தன் அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்ததோடு சரி, சாப்பிடவில்லை. கை கழுவிக்கொண்டே சொன்னான்: "இனி நீ தனியா ஏறப்படாது. கயித்த நான் பிடிக்கேன்." வீரத்தில் சொன்ன வார்த்தை இல்லை அது. அவள் தனியாக ஏறுவதை நினைத்தால் அவனுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

பிறகு அந்த வீட்டில் நடந்ததெல்லாம் அவள் கண்டுபிடிப்புகள். வாசல் நிலையின் மேல்சட்டத்தில் புளியங்கட்டைத் துண்டுகளை அறைந்து, போக வர விரல் நுனியில் தொங்கினாள். வியர்வைக்குக் கையில் திருநீறு பூசினாள். பாக்கெட் பாக்கெட்டாகத் திருநீறு தீர்வதைப் பார்த்து அவளுடைய மாமியார், மருமகளுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று தெருவெல்லாம் பெருமை பேசினாள். ஒரே கிணற்றில் எத்தனை நாள் ஏறுவது? அதற்கும் வழி வைத்திருந்தாள். சில கற்களில் காவி அடித்துவிடுவாள். காவிக் கல்லை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் கழுவிவிட்டு வேறு கல்லில் அடிப்பாள். ஒரே சுவர் தினமும் புதுச் சுவராகிவிடும்.

போட்டியில் கயிறு மேலேயிருந்து தொங்காது. ஏறுகிறவள்தான் கயிற்றை இழுத்துக்கொண்டு போய், வழியிலுள்ள கொக்கிகளில் ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். கீழே நிற்கிறவன் அவள் கேட்கிறபோது கயிற்றை விட வேண்டும், விழுந்தால் பிடிக்க வேண்டும். கல் உடைக்கிற சங்கிலிபூதத்தானைக் கூப்பிட்டுப் பாறையில் துளை போட்டு, இரும்பு வளையங்கள் அடித்துக் கொக்கி மாட்டியாயிற்று. சம்பந்தன் ஒரு கச்சையைக் கட்டி, அதில் கயிற்றைக் கோத்துக்கொண்டு கிணற்றின் அடியில் நின்றான். தலைக்கு மேலே ஒரு சதுர வானமும் பெண்டாட்டியின் உள்ளங்காலும் தெரிந்தன.

விழுந்தால் பிடிக்க அவனுக்குத் தெரிந்துவிட்டது. விடத்தான் வரவில்லை. அவள் ஒரு முழம் ஏறினால் இவன் ஒரு சாண் விடுவான். பயத்தில் கை கயிற்றை இறுக்கிக்கொள்ளும். ஆடியில் ஒரு நாள், அவள் மேல் கல்லுக்கு எட்டித் தாவிய நேரத்தில் கயிறு இடுப்பைப் பிடித்து இழுத்தது. பிடி தவறி, ஊஞ்சலாடி, முகம் பாறையில் மோதியது. உதடு கிழிந்து நான்கு தையல். பள்ளியில் மற்ற டீச்சர்கள் சாதுவான கண்டக்டர்கூடப் பெண்டாட்டியை அடிக்கிறான் பார் என்று பேசிக்கொண்டார்கள். சம்பந்தன் அதை மறுக்கவில்லை. அடித்தது மாதிரிதானே என்று இருந்தது அவனுக்கு. இனிமேல் கயிற்றைத் தொடமாட்டேன் என்று தன் அம்மாவின் முன்னால் வைத்து அழுதான்.

ஆவுடைத்தாய் வீங்கின வாயோடு ஒரு சாக்கில் ஆற்று மணலை நிரப்பினாள். அவனைக் கிணற்றடியில் நிறுத்தி, கயிற்றின் மறுமுனையைக் கொக்கிகள் வழியே கொண்டுபோய்ச் சாக்கில் கட்டினாள். மேலே நின்று, சொல்லாமல் கொள்ளாமல் தள்ளிவிட்டாள். சாக்கு விழும், அவன் அலறுவான், கயிறு பிடிக்கும், சாக்கு அந்தரத்தில் நிற்கும். திரும்ப இழுத்துத் தள்ளுவாள், இந்தத் தடவை கயிற்றை இன்னும் தொளதொளவென்று விட்டு. ஆவணி முழுக்க இதே வேலை. ஏறுகிறவர்களுக்குப் பயிற்சி உண்டு. கீழே நின்று நடுங்குகிறவனுக்கு ஒரு பயிற்சியை அவள்தான் யோசித்துக் கண்டுபிடித்தாள். சாக்கு விழுந்து விழுந்து கிழிந்ததே தவிர அவன் நடுக்கம் போகவில்லை. அதை அவளிடமே ஒப்புக்கொண்டான்.

"பயப்படுங்க அத்தான். யாரு வேண்டாங்கா? பயந்துக்கிட்டே கயித்த விடுங்க."

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைசிக் கொக்கிக்குப் பக்கத்தில் போய்விட்டாள். முந்தின கொக்கி காலுக்குக் கீழே தங்கிவிட்டது. இடது கையின் இரண்டு விரல்தான் பிடிமானம். "கயிறு" என்றாள். இப்போது விட்ட கயிற்றோடு அவள் விழுந்தால் எவ்வளவு தூரம் விழுவாள் என்று சாக்கு சம்பந்தனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. பயந்துகொண்டே விட்டான், கேட்ட அளவு முழுக்க. அவள் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கொக்கிக்குக் கையை நீட்டினாள். விரல் நழுவியது.

பாதிக் கிணறு விழுந்தாள். சம்பந்தன் ஒல்லி. கயிறு இறுகிய வேகத்தில் தரையை விட்டுக் கிளம்பி அவனும் மேலே போனான். இறங்கி வந்தவளும் ஏறிப் போனவனும் கிணற்றின் நடுவில் முகத்துக்கு முகம் நேராகத் தொங்கினார்கள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"பயந்தீயளா?"

"இப்பமும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான். கயிற்றைப் பிடித்த கையை மட்டும் அவன் தளர்த்தவே இல்லை.

மார்கழியில் பெங்களூருக்குப் போனார்கள். ஒட்டுப்பலகைச் சுவர், கிணற்றைவிட உயரம், மேலே போகப் போக முன்பக்கம் சரிந்து நின்றது. கயிறு பிடிக்கப் போட்டி நடத்துகிறவர்களே ஆள் வைத்திருந்தார்கள், வெளியாள் பிடிக்கக்கூடாதாம். சம்பந்தனைக் கயிறு கட்டிய தடுப்புக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அத்தனை மாதத்தில் அன்றைக்குப் பட்ட பயம்போல அவன் பட்டதில்லை. அவள் அங்கே மேலே போகிறாள், இவன் கையில் ஒன்றும் இல்லை.

பாதி உயரத்தில் அவள் கயிறு கேட்டாள். கீழே பிடித்திருந்த வாலிபன் அவள் விழுந்துவிடுவாள் என்று பயந்தான் போலிருக்கிறது. சாண் அளவுதான் விட்டான். கயிறு அவள் இடுப்பில் விறைத்தது. அந்தக் கையைச் சம்பந்தனுக்குத் தெரியும். தடுப்பைத் தாண்டி ஓடினான். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பஸ்ஸில் இறங்காத ஆளைக்கூட ஒரு அதட்டல் போட்டறியாதவன், அத்தனை பேர் நடுவில் தொண்டை கிழியக் கத்தினான்.

"தம்பி, விட்டுரு! அவ கேட்டதை விட்டுரு!"

வாலிபன் திடுக்கிட்டுக் கயிற்றை விட்டான். அது தளர்ந்தது. ஆவுடைத்தாய் கீழே பார்க்கவில்லை. கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு அடுத்த பிடிக்குக் கையை நீட்டினாள்.