கடற்கரை ஒழுங்கையின் அக்கா

அக்காவை இழந்து ஓராண்டு நிறைகின்ற இந்நாளில், அவரை அறிந்த உங்கள் கைகளில் இச்சிறு நினைவு மலரை வைக்கின்றோம். கடுதாசித் தட்டுப்பாட்டினால் கோடு போட்ட கொப்பித் தாளிலேயே அச்சிட முடிந்தது. அக்கா இருந்திருந்தால், இந்தத் தாளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று என்னை ஏசியிருப்பார்.

அக்கா தெல்லிப்பழையில் பிறந்தார். எங்கள் தகப்பனார் மிஷன் பாடசாலை ஆசிரியர். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா காலமாகிவிட்டார். என் தலையைப் பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவரும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்தவரும் அக்காதான். படித்து முடித்ததும் கொழும்பில் ஒரு கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டராகச் சேர்ந்தார். அப்பாவின் வைத்தியமும் என் படிப்பும் கலியாணமும் அவருடைய உழைப்பில் நடந்தவை. தமக்கு ஒரு கலியாணம் பேச அவர் விடவேயில்லை. பேச வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, வேறு கதை கதைத்து அனுப்பிவிடுவார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அவர் இருந்த வீடு எரிந்தது. அயல்வீட்டுச் சிங்களப் பெண்மணி ஒருவர் தம் சமையலறையில் மறைத்துவைத்து உயிரைக் காப்பாற்றினார். அகதிகளோடு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது அக்காவிடம் உடுத்த சீலையைத் தவிர ஒன்றுமில்லை. காலில் செருப்பும் இல்லை. வந்தவர்களுக்குப் பசியாறப் பாண் கொடுக்க மயிலிட்டியிலிருந்து வந்திருந்த ஒரு மீனவப் பெண், தம் செருப்பைக் கழற்றி அக்காவின் காலடியில் வைத்துவிட்டு, கொதிக்கிற தார் றோட்டில் வெறுங்காலோடு நடந்து போனாராம். “அவவின்ரை பேரைக் கேக்காமல் விட்டிட்டன்” என்று அக்கா பலமுறை சொல்லி வருந்தினார். பின்பு மயிலிட்டிக்குப் போய்த் தேடியும் அந்தப் பெண் அகப்படவில்லை.

உடுப்பிட்டியில் எங்களோடு இருக்கும்படி நானும் என் கணவரும் கேட்டோம். அக்கா இணங்கவில்லை. யாழ்ப்பாணப் பட்டினத்தில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்தார். பகலில் தட்டச்சு படிப்பித்தார். பின்னேரங்களில், எங்கள் சபைப் பெண்கள் ஓரிருவரையும் கூட்டிக்கொண்டு, படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். புண் கழுவினார், தலை வாரினார், படுக்கைத் துணி தோய்த்தார், கஞ்சி பருக்கினார். ஊழியம் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. “ஒருக்கால் எட்டிப் பாத்திட்டு வாறன்” என்பார், அவ்வளவுதான். சமையல் அவருக்குக் கைவரவில்லை. அவர் காய்ச்சிய கஞ்சியை எவரும் புகழ்ந்ததாக நினைவில்லை. கோபமும் நிறைய உண்டு. குடித்துவிட்டு மனைவிக்கு அடித்த ஒருவரை ஒழுங்கையின் நடுவில் நிறுத்தி அவர் ஏசிய ஏச்சை இன்றும் அயலவர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த ஒழுங்கையின் கடைசி வீட்டில் வேலையிலிருந்து இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் கைகால் வழங்காமல் பாரிசவாதத்தில் கிடந்தார். மனைவி இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். சமைத்துக் கொடுக்க வந்து போகும் ஒரு பெண்ணைத் தவிர வேறு துணையில்லை. சைவ ஆசாரம் தவறாதவர். அக்கா முதன்முதல் போனபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டே கேட்டாராம்.

“பிள்ளை, நீர் என்னைச் சைவத்திலையிருந்து வேதத்துக்கு மாத்த வந்தனீரோ?”

“இல்லை ஐயா. முதுகுப் புண்ணைக் கழுவ வந்தனான்.”

“ஜெபம் பண்ணுவீரோ?”

“பண்ணுவன். வீட்டை போய்ப் பண்ணுவன்.”

அதன் பிறகு ஐயா மறுக்கவில்லை. உடம்பு துடைத்து முடிந்ததும், அவருடைய கை எழும்பாதபடியால், அக்காவே திருநீற்றுத் தட்டை எடுத்து அவர் நெற்றியில் பூசிவிடுவார். இதைப் பற்றி எங்கள் சபையில் சிலர் குறை சொன்னதும் உண்டு. ஐயாவின் கை சுகமாக இருந்தால் அவரே பூசியிருப்பார், நான் அந்தக் கைக்குப் பதிலாகத்தானே நிற்கிறேன் என்று அக்கா அவர்களுக்குச் சொன்னார்.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியதும் ஒழுங்கை வெறுமையாயிற்று. ஷெல் விழுந்துகொண்டிருக்கையில், அக்காவும் விறகுக்கடை வைத்திருந்த அந்தோனி அண்ணையும் விறகு ஏற்றும் கைவண்டியில் மெத்தையை விரித்து, ஐயாவைக் கிடத்தி, கோப்பாயில் ஒரு பாடசாலை மண்டபம் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே சன நெரிசலுக்குள் ஐயா சில வாரங்கள் இருந்தார். பிறகு ஒரு விடியற்காலையில் அடங்கிவிட்டார்.

பிரேதத்தை வைத்திருக்க வசதியில்லை. வெயிலுக்கு முன் அங்கேயே அடக்கிவிடலாம் என்றார்கள் மண்டபத்தில் இருந்தவர்கள். அக்கா சம்மதிக்கவில்லை. பின்னேரம் வரை தவணை கேட்டு, அந்தோனி அண்ணையைப் பிரேதத்துக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, இரவல் சைக்கிள் ஒன்றில் உடுப்பிட்டிக்குப் புறப்பட்டார்.

அன்று முற்பகல் அவர் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றார். சீலையெல்லாம் சேறு. முழங்கையில் இரத்தம். வழியில், வல்லை வெளியில் ஹெலிகொப்டர் சுட்டபோது பற்றைக்குள் விழுந்து கிடந்தாராம். தண்ணீர் குடித்துவிட்டு, ஐயாவின் சகோதரி மகன் வீடு எங்கே என்று கேட்டார். அவர் எங்களுக்குத் தெரிந்த தோட்டக்காரர்தான். நானும் கூடப் போனேன். அக்கா சொன்ன விபரத்தை அவர் கேட்டுக்கொண்டார். வீட்டுக்குள் அவர் மனைவி போகவேண்டாம் என்று அழுதார். தோட்டக்காரர் அக்காவிடம் கேட்டார்.

“அக்கா, நீங்கள் வேதக்காரர். அவர் உங்களுக்குச் சொந்தமுமில்லை. ஏன் இவ்வளவு பாடுபடுறியள்?”

“நேற்று அவர் என்னட்டைக் கேட்டது ஒண்டுதான், தம்பி. ‘மருமோன் கொள்ளி வைப்பானோ’ எண்டு. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். உங்களைக் கேக்காமல் சொன்னது பிழைதான். வாறதும் வராததும் உங்கடை விருப்பம்.”

தோட்டக்காரர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பயம் தணியட்டும், பொறுத்துப் போங்கள் என்று நான் அக்காவின் கையைப் பிடித்து மன்றாடினேன். அக்கா என் கன்னத்தைத் தடவிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். அன்று பொழுது படுமுன் ஐயாவின் சிதைக்கு மருமகன் தீ வைத்தார். ஒருவர் பதிகம் பாடினார். அக்கா பெண்களோடு மண்டப வாசலில் நின்று, தமக்குத் தெரிந்த விதத்தில் மௌனமாக ஜெபித்தாராம்.

சண்டை ஓய்ந்து ஒழுங்கைக்குச் சனம் திரும்பியபோது அக்காவும் திரும்பினார். அந்தத் தோட்டக்காரர் இயன்றபோதெல்லாம் பூசணி, கத்தரி, வாழைக்குலை என்று சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் அக்காவிடம் இறக்குவார். அது பிறகு எத்தனையோ வீடுகளின் கறியாயிற்று.

கடைசி ஆண்டில் அக்காவின் இருதயம் பலவீனமாகிவிட்டது. மருந்துக்கும் தட்டுப்பாடு. உடுப்பிட்டிக்கு வரச் சொன்னேன். நான்தான் அங்கே போகவேண்டியதாயிற்று. போனால் எனக்கு வேலையே இல்லை. ஒழுங்கைப் பெண்கள் முறை வைத்து வந்தார்கள். ஒருவர் துணி தோய்த்தார், ஒருவர் தலை வாரினார். தம்மைப் பிறர் கழுவித் துடைப்பது அக்காவுக்கு முதலில் பெரும் கூச்சமாக இருந்தது. ஒருநாள் என்னிடம், “கிடக்கிற ஆக்களுக்கு எவ்வளவு வெக்கமாயிருந்திருக்கும் எண்டு இப்பதான் விளங்குது. பாவங்கள், என்னைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்திருக்குதுகள்” என்றார். அதற்குப் பிறகு கூச்சப்படவில்லை. ஒரு ஞாயிறு காலை, எங்கள் சபைக் கோவில் மணி கேட்டபின், அமைதியாகக் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார்.

அடக்க ஆராதனைக்காகச் சேமக்காலைக்குப் போன என் கணவர், அங்கே குழி வெட்டிக்கொண்டிருந்தவர்களுள் உடுப்பிட்டித் தோட்டக்காரரையும் கண்டார். உங்களுக்கேன் இந்த வேலை என்று கேட்டதற்கு, “உங்கடை ஜெபம் எனக்குத் தெரியாது. மண்வெட்டி பிடிக்கத் தெரியும்” என்றாராம். ஆராதனை முடியும்வரை மண் படிந்த கைகளைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றார்.

அவருக்கும், அந்தோனி அண்ணைக்கும், ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வந்து பார்த்த வைத்தியருக்கும், பிரேதப் பெட்டிக்குத் தம் வீட்டுக் கதவுப் பலகையைக் கழற்றிக் கொடுத்த அயலவருக்கும், பாடிய சபையாருக்கும், துக்கத்துக்கு ஒழுங்கையெங்கும் வெள்ளைக்கொடி கட்டிய இளைஞர்களுக்கும், வாடகை கேளாமல் வீட்டை விட்டுவைத்திருக்கும் உரிமையாளருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத அந்த மயிலிட்டிப் பெண்ணின் கையில் இம்மலர் எப்படியாவது கிடைக்குமானால், அக்காவின் நன்றியும் அவரைச் சேரட்டும்.

ஒழுங்கைப் பெண்கள் இன்றும் பின்னேரங்களில் வீடு வீடாகப் போய்வருகிறார்கள். இந்த மலரில் தங்களைப் பற்றிப் புகழ்ந்து ஒன்றும் எழுதவேண்டாம் என்றார்கள். ஒன்றை மட்டும் எழுதும்படி கேட்டார்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ யாராவது படுக்கையில் கிடந்தால், அக்கா இருந்த வீட்டில் வந்து சொல்லுங்கள். படலை பூட்டுவதில்லை.