இரட்டை வேகத்தில் கேட்ட இதயம்

விடுதியில் அவனுக்கு 'டபுள்' என்று பேர். வகுப்புக்குத் துணையாக இருக்கட்டும் என்று மருத்துவக் கல்லூரி பாடங்களை இணையத்திலும் ஏற்றிவைத்திருந்தது. அவன் அத்தனையையும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தான். அம்மா போன் செய்தால் எடுக்க மாட்டான். "வாய்ஸ் மெசேஜ் போடும்மா" என்பான். அதையும் அதே வேகத்தில்தான் கேட்பான். அம்மா தினமும் யாரோடோ சண்டை போடுவது போலிருக்கும்.

இதய ஒலி பற்றிப் பேராசிரியர் பேசிய வீடியோவும் இருந்தது. நல்ல இதயம் எப்படித் துடிக்கும், கெட்டது எப்படி என்று பதிவுசெய்த சத்தத்தோடு. இயர்போனில் திரும்பத் திரும்பக் கேட்டான். இணையத் தேர்வில் அவன்தான் முதல்.

வார்டுக்கும் போனான்தான். கட்டிலைச் சுற்றி வெள்ளைக் கோட்டுக் கூட்டம். பேராசிரியர் முன்வரிசைக்கு மட்டும் ஏதோ முனகுவார். பின்னால் நின்றவனுக்கு நோயாளியின் கால் கட்டைவிரல் தெரியும். அதைத் தரிசித்துவிட்டு வருகைப் பதிவோடு திரும்புவான்.

செய்முறைத் தேர்வில் தோற்றால் ஒரு வருடம் பின்னால் வரும் செட்டோடு உட்கார வேண்டும். அந்த செட்டில் அவன் தங்கை படித்தாள்.

"ஃபெயிலாகி என் பக்கத்துல வந்து உக்காராதே, சொல்லிட்டேன்."

"என் மார்க்கைப் பாத்தியா நீ?"

தேர்வன்று அவனுக்குக் கிடைத்தவர் மூட்டு வலிக்காகச் சேர்ந்திருந்த ஒரு லாரி டிரைவர். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள், இதயத்தைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவன் முகம் இருண்டது.

"ரொம்ப மெதுவா துடிக்குது, மேடம். பாதி வேகம்தான். உடனே பேஸ்மேக்கர் வைக்கணும்."

டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "முட்டி வலின்னுதானே தம்பி வந்தேன்!"

தேர்வாளர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. நீ நாடி பாத்தியா?"

"காதுல கேட்டாலே தெரியும், மேடம்."

"யார் சொல்லிக்கொடுத்தது?"

"சாரோட வீடியோ. டபுள் ஸ்பீடுல."

பக்கத்தில் நின்ற பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "அந்த வீடியோவுக்கு விருது கிடைச்சிருக்கு, மேடம்."

"நிஜ நெஞ்சு ஒண்ணையாவது இவன் கேட்டிருக்கானா?"

பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். இருவரும் மாட்டிக்கொண்டாலும், மாணவனை மட்டும்தான் தோற்க வைக்க வசதி இருந்தது.

புது வகுப்புக்கு முதல் நாள் தாமதமாகவே போனான். காலியாக இருந்தது தங்கையின் பக்கத்து இடம் ஒன்றுதான். அங்கேயும் அவள் பை இருந்தது. அவள் எடுக்கவில்லை. அவனே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்த பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். ஒரே மூக்கு, ஒரே நெற்றி.

"நீங்க ரெண்டு பேரும் உறவா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் தங்கை எழுந்துவிட்டாள்.

"எங்க அம்மாவுக்குத் தெரிஞ்ச பையன், சார்."